பால் படிந்த கண்ணாடி

மூன்றாவது ஸ்லைடும் பாலாகிவிட்டது.

யூஜினா அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். இளஞ்சிவப்பும் ஊதாவுமாகத் தெளிந்து தெரிய வேண்டிய சதைச் சீவலின் மேல், யாரோ மோர் தெளித்துவிட்டது போல வெள்ளை படர்ந்திருந்தது. பசை விட்டு மூடிக் கண்ணாடியைச் சாய்த்து இறக்கியபோது நன்றாகத்தான் இருந்தது. பெயர்ச்சீட்டை ஒட்டி முடிப்பதற்குள் மங்கிப்போயிற்று.

மணி பதினொன்று. டொக்டர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமையில் மட்டும் கண்டியிலிருந்து வருவார். இரண்டு மணிக்குக் காரில் ஏறிவிடுவார். அதற்குள் பூரணியின் ஸ்லைட் அவருடைய நுணுக்குக்காட்டிக்குக் கீழே போயாக வேண்டும்.

பூரணி வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தாள். டயகமப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். கழுத்தில் ஒரு கட்டி. ஆஸ்பத்திரியில் அதிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்து, பார்த்துச் சொல்லும்படி ஹட்டனில் இருந்த இந்தத் தனியார் ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். போன முறை டொக்டர் பார்த்துவிட்டு, ‘தெளிவில்லை, திரும்பச் செய்க’ என்று எழுதிவிட்டுப் போனார். அந்தத் தாளில், தயாரித்தவர் என்ற இடத்தில் யூஜினாவின் கையெழுத்து இருந்தது. அந்தத் துண்டைப் பதித்து வைத்திருந்த மெழுகுக் கட்டிக்குள் மிஞ்சியிருந்த சதை ஓர் அரிசி மணி அளவுதான். இன்று காலை சீவியதோடு அதுவும் தீர்ந்துவிட்டது. மூன்று சீவல், மூன்று ஸ்லைட். மூன்றும் பால்.

இன்னொரு துண்டு வேண்டுமென்றால் கழுத்தில் இன்னொரு முறை கத்தி வைக்க வேண்டும். அதற்குப் பூரணி காலையில் வந்தவுடனேயே பதில் சொல்லிவிட்டாள்.

“இன்னொருக்கா வெட்ட விடமாட்டேங்க மிஸ். இப்பவே சொல்லிப்புட்டேன். கட்டியோட கெடந்துட்டுப் போறேன்.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள். யூஜினா தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே வந்திருந்தாள்.

இப்போது பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான மார்கிரட் மிஸ்.

“மறுபடியுமா?”

“ஆமா மிஸ்.”

“தண்ணி நிக்குது புள்ள. அற்ககோல்ல ஒழுங்கா வைக்கணும்.”

“ஒவ்வொரு ஜாடிலயும் அஞ்சஞ்சு நிமிஷம் வச்சேன் மிஸ்.”

“அப்ப ஈரக் கையோட தொட்டிருப்ப. பட்டம் எடுத்தா மட்டும் போதாது, கை பழகணும்.”

யூஜினா கையுறையைக் கழற்றித் தன் விரல்களைப் பார்த்தாள். அவை காய்ந்துதான் இருந்தன. மார்கிரட் மிஸ் அதற்குள் டொக்டரின் அறைக்குத் திரும்பிவிட்டார்.

தண்ணீர் என்பது அவளுக்கும் தெரியும். சாயமேற்றிய சீவலை அற்ககோலில் வைத்துத் தண்ணீரைப் போக்க வேண்டும். பிறகு சைலீனில் வைத்து அற்ககோலைப் போக்க வேண்டும். கடைசியில் பசை. நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கினாலும் பசை அதை ஏற்காது, வெளுத்துவிடும். அவளுக்குப் பிடிபடாதது, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான். சைலீனை மாற்றிப் பார்த்தாள். பசையை மாற்றிப் பார்த்தாள். அற்ககோல் போத்தலின் முத்திரையை இன்று காலை அவள்தான் உடைத்தாள். அதில் தண்ணீர் இருக்க வழியே இல்லை.

பாதிதான் ஜாடிகளில் ஊற்றியிருந்தாள். மீதிப் பாதி போத்தலிலேயே இருந்தது. அற்ககோலும் சைலீனுமாக ஏழு ஜாடிகள் ஜன்னலோரத்து மேசையில் வரிசையாக நின்றன, எல்லாம் மூடி திறந்தபடி. வேலை தொடங்குமுன் மூடிகளையெல்லாம் கழற்றிப் பக்கத்தில் வரிசையாக வைத்துவிடுவது அவள் பழக்கம். கொழும்பில் படித்தபோது அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே ஏசி போட்ட மூடிய அறை. நடுவில் மூடியோடு மல்லுக்கட்டினால் சீவல் காய்ந்துவிடும் என்பார்கள்.

இங்கே ஏசி கிடையாது, ஜன்னல்தான். ஜன்னல் சட்டத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘மூடக் கூடாது. மார்கிரட்.’ இரண்டு வருடத்துக்கு முன்பு இங்கே வேலை செய்த சர்மிளா, சைலீன் வாடையில் மயங்கி மேசை விளிம்பில் மோவாயை இடித்துக்கொண்டாளாம். நான்கு தையல். அன்றிலிருந்து அந்த ஜன்னல் மூடப்பட்டதில்லை. விரல் விறைக்கும் நாளிலும் யூஜினா அதைத் தொட்டதில்லை.

“என்ன விஞ்ஞானி, மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு?”

கவுண்டரில் ரசீதுத் துண்டு எழுதும் ஜீவராஜ், பன்னிரண்டு மணியாகுமுன்பே பேரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தான். இரண்டு கீற்றைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நீட்டினான்.

“வேணாங்கண்ணே.”

“வெளிய அந்தக்கா நாலு தடவ கேட்டுட்டாங்க. கசாப்புக் கடையில கூட இவ்வளவு நேரம் ஆகாதுங்குறாங்க.”

“என்ன சொன்னீங்க?”

“எங்க கடையில சின்னதா வெட்டுவோம், அதான் லேட்டுன்னு சொன்னேன். சிரிச்சாங்க. பாவம், காலையில அஞ்சு மணி பஸ்ஸாம்.” ஜீவராஜ் ஜன்னல் கட்டையில் கைவிட்டு, காகிதத்தில் மடித்து வைத்திருந்த உப்பை எடுத்தான். காகிதம் அவன் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. “இங்க பாருங்க இந்தக் கூத்த. காலையில வாங்கின உப்பு. இப்ப அழுவுது.”

காகிதம் நனைந்து கிழிந்திருந்தது. உப்பு கஞ்சியாகக் குழைந்திருந்தது.

யூஜினா அதையே பார்த்தாள். அக்கரப்பத்தனைத் தோட்டத்தில் அவள் வளர்ந்த லயத்து வரிசை வீட்டில் உப்பு டின் அடுப்புக்கு மேலே உள்ள பலகையில்தான் இருக்கும். எல்லா வீட்டிலும் அப்படித்தான். வேறு எங்கே வைத்தாலும் இரண்டு நாளில் தண்ணீராகிவிடும். இருபத்துநான்கு வருடமாகப் பார்த்த விஷயம். யாரும் அதைப் பற்றிப் பேசுவதுகூட இல்லை.

அவள் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். பஸ் நிலையம் தெரியவில்லை. எதிர்க் கடையின் பெயர்ப் பலகை தெரியவில்லை. பனிமூட்டம் ஜன்னல் கட்டையைத் தாண்டி உள்ளே வந்து, திறந்த ஜாடிகளின் மேல் மெதுவாகப் படிந்துகொண்டிருந்தது. அற்ககோல் உப்பைவிடப் பேராசை பிடித்தது. காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பரீட்சையில் அதை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறாள்.

தன்மேலேயே எரிச்சல் வந்தது. இங்கே வேலைக்கு வந்து மூன்று மாதம்.

ஆனால் இதை மார்கிரட் மிஸ்ஸிடம் எப்படிச் சொல்வது? உங்கள் ஜன்னல்தான் காரணம் என்றா? நினைத்தாலே காது சூடானது. கையில் எதையாவது வைத்துக்கொண்டு போனால்தான் அவளால் பேச முடியும்.

மருந்து அலுமாரியின் கீழ்த்தட்டில் மயில்துத்தம் ஒரு போத்தல் இருந்தது. கொஞ்சம் எடுத்து, மெழுகு உருக்கும் உள்ளறைக்குப் போய், பீங்கான் கிண்ணத்தில் போட்டு ஸ்பிரிட் விளக்கில் சூடாக்கினாள். நீலக் கற்கள் பொரிந்து, உதிர்ந்து, சாம்பல் கலந்த வெள்ளைத் தூளாயின. தண்ணீர் முழுக்கப் போய்விட்டது. இனித் தண்ணீரைக் கண்டால் திரும்ப நீலமாகும். தூள் ஆறியதும் இரண்டு சோதனைக் குழாய்களில் போட்டாள். ஒன்றில் மூடி வைத்திருந்த போத்தலின் அற்ககோல். மற்றதில் ஜன்னலோரத்துக் கடைசி ஜாடியின் அற்ககோல்.

முதல் குழாய் வெள்ளையாகவே இருந்தது. இரண்டாவதன் அடியில் மெல்ல நீலம் ஏறியது.

டொக்டரின் அறை வாசலில் போய் நின்றாள். மணி பன்னிரண்டு கடந்துவிட்டது.

“மிஸ்.”

“என்ன?”

“இத ஒருக்கா பாருங்க மிஸ்.”

மார்கிரட் மிஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு குழாய்களையும் வாங்கிப் பார்த்தார்.

“ரெண்டும் ஒரே போத்தலா?”

“ஒரே போத்தல்தான் மிஸ். வெள்ளையா இருக்குறது மூடி வச்சது. நீலம், ஜாடில இருந்தது.”

மார்கிரட் மிஸ் அவளைத் தாண்டி நடந்து ஜன்னலருகே போனார். தன் கையால் எழுதிய தாளைப் பார்த்தார். அதன் ஓரம் ஊறிச் சுருண்டிருந்தது.

“ஜன்னல மூடச் சொல்றியா? மூடிட்டு நீயும் மயங்கி விழுந்தா யாரு பதில் சொல்றது?”

“மூட வேணாம் மிஸ். அற்ககோல் ஜாடிய மட்டும் மெழுகு ரூமுக்குள்ள கொண்டு போயிடலாம். அங்க சூடு இருக்கு. சைலீன் இங்கயே இருக்கட்டும்.” அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது. “தப்பு ஜன்னல்ல மட்டும் இல்ல மிஸ். மூடியெல்லாம் மொதல்லயே தெறந்து வைக்கிறது நான்தான்.”

“எத்தன நாளா?”

“வந்த நாள்லேர்ந்து.”

“இதுவரைக்கும் டொக்டர் திருப்பின பதினோரு ஸ்லைடும்?”

“அதுவா இருக்கலாம் மிஸ்.”

மார்கிரட் மிஸ் குழாய்களை அவள் கையில் திணித்தார். “வாயத் தெறந்து கேக்குறதுக்கு ஒனக்கு மூணு மாசம். அந்தக்காவோட ஸ்லைட மீட்டு எடுக்க முடியுமா இப்ப?”

“பசை இன்னும் காயல மிஸ். பாக்குறேன்.”

மூன்று ஸ்லைடுகளையும் சைலீனில் அமிழ்த்தினாள். பசை கரைந்து மூடிக் கண்ணாடி தானாக வழுக்கி விழும்வரை காத்திருக்க வேண்டும். பத்து நிமிடம். பதினைந்து நிமிடம். சுவர்க் கடிகாரம் அவள் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் முதல் ஸ்லைடின் கண்ணாடியை ஊசி முனையால் நெம்பினாள். கண்ணாடி வந்தது. சீவலும் அதோடு உரிந்து வந்து, சுருண்டு, ஜாடியின் அடிக்குப் போய்விட்டது.

ஒரு கணம் அவளுக்கு ஜாடியைத் தூக்கி ஜன்னல் வழியே வீசிவிட வேண்டும் போலிருந்தது. கைகளை மேசையின் அடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்ற இரண்டும் தாமாகவே கழன்ற பிறகுதான் கைகளை வெளியே எடுத்தாள்.

உள்ளறையில் போத்தலின் மீதியைப் புது ஜாடிகளில் ஊற்றினாள். ஒரு மூடியைத் திறந்து, ஸ்லைடை இறக்கி, மூடினாள். எடுத்தாள். அடுத்ததைத் திறந்தாள். மெழுகு அடுப்பின் வெக்கை கழுத்தில் வழிந்தது. கடைசி ஜாடியிலிருந்து சைலீனுக்கு ஆறு எட்டு வைக்க வேண்டும். ஜீவராஜ் கவுண்டரிலிருந்து எட்டிப் பார்த்து, எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஒரு ஸ்லைடில் பசை விட்டபோது காற்றுக் குமிழ் ஒன்று சீவலின் நடுவிலேயே போய் உட்கார்ந்தது. ஊசியால் அழுத்தினாள். அது இரண்டானது. விட்டுவிட்டாள். மற்றதில் குமிழ் ஓரத்தில் நின்றது. நூறு வரை எண்ணினாள். பிறகு இன்னொரு நூறு. இளஞ்சிவப்பு இளஞ்சிவப்பாகவே இருந்தது.

மணி ஒன்று முப்பத்தைந்துக்கு அதை டொக்டரிடம் கொண்டுபோய் வைத்தாள். டொக்டர் பையை மூடிக்கொண்டிருந்தார். ஸ்லைடைப் பார்த்துவிட்டு, போன முறை திருப்பிய அதே நோயாளியுடையதா என்று சிங்களத்தில் கேட்டார். ஆமென்றாள். அவர் மறுபடி உட்கார்ந்து, குனிந்து, திருகைத் திருப்பினார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. குமிழ் விழுந்ததையும் வாங்கிப் பார்த்தார், ஒதுக்கி வைத்தார். முதலில் பார்த்ததற்கே திரும்பினார். பிறகு பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். ஒரு வரி அல்ல, அரைப் பக்கம். தெளிவில்லை என்று எழுத அரைப் பக்கம் தேவையில்லை.

உறையை ஒட்டி, மார்கிரட் மிஸ் அவளிடமே கொடுத்தார். “நீயே குடு.”

பூரணி எழுந்து நின்றாள். கழுத்தைச் சுற்றிய துணியை ஒரு கையால் பிடித்திருந்தாள்.

“தெரிஞ்சிச்சாங்க மிஸ்?”

“தெரிஞ்சிச்சுங்கக்கா.”

“அப்ப இனி வெட்ட வேணாம்தானே?”

யூஜினா தயங்கினாள். உறைக்குள் இருப்பது அவளுக்குத் தெரியாது. அரைப் பக்கம் எதைப் பற்றியது என்பதும் தெரியாது. “பாக்குறதுக்குன்னு இனி வெட்ட வேணாங்கக்கா. மத்தத ஆஸ்பத்திரில சொல்லுவாங்க.”

பூரணி உறையை வாங்கிக்கொண்டாள். “அவ்வளவாச்சும் சொன்னீங்களே,” என்றாள். அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, படியில் இறங்கினாள். பாதிப் படிக்குக் கீழே பனிமூட்டத்தில் அவள் தெரியவில்லை, செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

யூஜினா உள்ளே வந்தாள். மேசையில் மார்கிரட் மிஸ் ஒரு தட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார். திரும்பி வந்த பதினோரு ஸ்லைடுகள், தேதி வாரியாக. பழையதற்கு மூன்று மாதம். பசை கல்லாகியிருக்கும். சைலீனில் இரண்டு நாளாவது கிடக்க வேண்டும், அதன் பிறகும் சீவல் கண்ணாடியோடு நிற்குமா என்று யாரும் சொல்ல முடியாது. பதினோரு பெயர்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் அவள் கையெழுத்து.

சைலீன் ஜாடியை முன்னால் இழுத்தாள். அந்த ஒரு மூடியை மட்டும் திறந்தாள்.