ஆற்றுச் சிப்பிக் கணக்கெடுப்பு

ஆற்றில் இறங்குகிற மனிதன் தன் சிறுமைகளையெல்லாம் கரையிலே கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்குகிறான். பொறாமை, பதவி ஆசை, சொந்தக்காரச் சண்டை எதுவும் ஓடுகிற தண்ணீருக்கு முன்னால் நிற்பதில்லை. இதைச் சொன்னவர் பிலேந்திரன். ஒஸ்லோ நகரின் ஸ்டோவ்னர் பகுதியில் நடந்த ஊர்ச்சங்க ஒன்றுகூடலில், சோறு ஆறிக்கொண்டிருக்க, ஒலிவாங்கியை விடாமல் பிடித்தபடி. பிறகு அவரே ஆற்றில் இறங்கிய சனிக்கிழமை, கரையில் கழற்றி வைத்தது கைமணிக்கூட்டை மட்டும்தான்.

ஒஸ்லோவிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருந்தது அந்த ஆறு. நூறு வருடம்கூட உயிர்வாழக்கூடிய சிப்பிகள் அதன் அடியில் மணலில் பாதி புதைந்து நிற்கின்றன. அவை குறைந்துகொண்டு வருகின்றனவாம். எண்ணிப் பார்ப்பதற்கு ஓர் இயற்கை அமைப்பு தொண்டர்களைத் தேடியது. ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியிலிருந்து ஒரு தமிழ்க் குழு. குழுவுக்கு ஒரு தலைவர். தலைவருக்கு, முதுகில் பதவியை எழுதிய மஞ்சள் அங்கி.

அங்கி தனக்குத்தான் என்று பிலேந்திரன் வாட்ஸ்அப்பில் போட்டும் விட்டார். சங்கச் செயலாளர் யோகராசா அவருடைய படத்தைச் சுற்றி ரோசாப்பூ வைத்து வாழ்த்து மடல் செய்து அனுப்ப, நாற்பத்துமூன்று பேர் கைகூப்பினார்கள். தலைவரைத் தெரிவுசெய்வதற்கான பரீட்சையே இன்னும் நடக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லி அவர்களுக்குத் தொந்தரவு கொடுக்க அவரும் விரும்பவில்லை.

பரீட்சைக்கு இரண்டிரண்டு பேராக வரச் சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் நின்றால் தன்னை உயரமாகக் காட்டக்கூடிய ஒருவரை யோசித்து, மனைவி ஜெயகுமாரியின் தம்பி ஸ்ரீஸ்கந்தராசாவை இழுத்துக்கொண்டு வந்தார். வைத்தியசாலைச் சலவைப் பகுதியில் வேலை. கூட்டங்களில் கடைசி வரிசையில் இருந்து கச்சான் கடலை உடைக்கிற ஆள். இதைவிடப் பாதுகாப்பான சோடி கிடைக்காது.

கரைக்கு வந்த கையோடு அந்தப் பாதுகாப்பு ஆட்டங்கண்டது. காலில் கறுப்புப் பூட்ஸோடு சேர்ந்து நெஞ்சுவரை ஏறுகிற ரப்பர் உடுப்பு ஸ்ரீக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. பிலேந்திரனுக்கு அது காற்றுப் போன கூடாரமாகத் தொங்கியது.

"ஸ்ரீ மாமா, நீங்கள் மீன் பிடிக்கப் போறனீங்களோ? சரியான ஆள் மாதிரி நிக்கிறியள்" என்றாள் துஷ்யா. இங்கேயே பிறந்து உயிரியல் படித்தவள். கணக்கெடுப்புக்கு அவள்தான் பொறுப்பு.

"இல்லைப் பிள்ளை, இதுதான் முதல்தரம்."

முதல்தரமாம். அடக்கம் வேறு, என்று பிலேந்திரன் பல்லைக் கடித்தார். அவருடைய கூடாரத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஆளுக்கு ஒரு வாளி கொடுத்தாள், அடியில் கண்ணாடி பதித்தது. தண்ணீரில் வைத்துக் குனிந்தால் ஆற்றின் அடி தெரியும். மற்றக் கைக்கு, அமத்தினால் ஒன்று கூடுகிற சின்ன எண்ணி.

"இந்த இருபது மீட்டர்தான். ஆளுக்கொரு கரையாலை மேலை போங்கோ, பிறகு கரை மாறித் திரும்பவும் கீழையிருந்து போங்கோ. கண்டால் ஒரு அமத்து. கையாலை தொடக்கூடாது, கதைக்கவும் கூடாது."

கதைக்கக்கூடாது என்றதிலேயே பிலேந்திரனின் பாதிப் பலம் போய்விட்டது.

குனிந்தார். கல். இன்னொரு கல். முந்தியதற்குத் தங்கச்சியான ஒரு கல். அப்போது எதிர்க்கரையிலிருந்து கேட்டது: டிக்.

பொய், என்று நினைத்தார். டிக். விரல் தவறிப் பட்டிருக்கும். டிக், டிக். இருபது வருடமாக வைத்தியசாலைத் துணிக் குவியலுக்குள் நோயாளிகள் மறந்துவிட்ட பல்செட்டையும் மூக்குக்கண்ணாடியையும் பொறுக்கிய கண்ணல்லவா. அது மணலுக்குள்ளும் மேய்ந்துகொண்டிருந்தது. வீட்டிலும் இதே கதைதான். "என்ரை தம்பி ஒரு பொருளைத் தேடினால் எடுத்துப்போட்டுத்தான் மற்ற வேலை" என்பாள் ஜெயகுமாரி, இவர் சாவியைத் தேடிக்கொண்டு நிற்கும்போதே.

டிக்.

இந்தத் தடவை பிலேந்திரனின் பெருவிரலும் அமத்தியது. தானாகத்தான். அந்தக் கரையில் ஒன்று இருந்தால் இந்தக் கரையிலும் ஒன்று இருக்கத்தானே வேண்டும்? ஆற்றுக்கு ஏது பாரபட்சம்? விஞ்ஞானத்தில் இதற்கு மதிப்பீடு என்று பெயர் இருப்பதாக அவருக்கு ஞாபகம். அதன் பிறகு ஸ்ரீயின் ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு மதிப்பீடு செய்தார். இடையில் கறுப்பாகத் தெரிந்தவற்றையும் சேர்த்துக்கொண்டார்.

கரையேறியதும் துஷ்யா எண்ணிகளை வாங்கி வாசித்தாள்.

"ஸ்ரீ மாமா, முப்பத்தேழு. பிலேந்திரன் மாமா..." மறுபடி பார்த்தாள். "அறுபத்தொண்டு."

"வயசு போனாலும் கண் போகேல்லைப் பிள்ளை" என்றார் பிலேந்திரன், முதுகை மஞ்சள் அங்கிக்குத் தோதாக நிமிர்த்தி.

"நான் சொன்னனான்தானே, அத்தான் விண்ணன்" என்றான் ஸ்ரீ. உண்மையாகவே சந்தோசப்பட்டான். அதைத்தான் பிலேந்திரனால் தாங்க முடியவில்லை.

துஷ்யா சிரிக்கவில்லை. "மாமா, இந்தத் துண்டிலை சிப்பியே இல்லை. இது ஆக்களைச் சோதிக்கிற இடம். காலமை நான்தான் வெறும் சிப்பிக்கோதுகளுக்குள்ளை மணலை அடைச்சு, உயிர்ச்சிப்பி மாதிரி நட்டு வைச்சனான். நாப்பது."



"நீ வைச்சது நாப்பது, சரி" என்றார் பிலேந்திரன். "ஏற்கெனவே இருந்ததை ஆர் கண்டது?"

"ஓம் பிள்ளை, இருக்கும்" என்று ஸ்ரீ குறுக்கே விழுந்தான். "நான் கவனிக்காமல் விட்டிருப்பன். தண்ணியும் கொஞ்சம் கலங்கல்தானே."

அந்த இடத்தில் ஓமென்று தலையாட்டிவிட்டு உடுப்பு மாற்றியிருக்கலாம். ஆனால் கச்சான் உடைக்கிற ஒருத்தன் கைகொடுத்துத் தூக்கிவிட, அதைப் பிடித்துக்கொண்டு கரையேறுவதா?

"நீ சும்மா இரடாப்பா! இருக்கும் இல்லை, இருக்குது. வா பிள்ளை, காட்டுறன்."

திரும்ப இறங்கினார். துஷ்யா பின்னால் வந்தாள். இடுப்பளவு தண்ணீரில் வாளியை இங்கேயும் அங்கேயும் வைத்து வைத்துத் தேடினார். கல், கல், கல். பிறகு கண்டார்: கறுப்பாக, நீள்வட்டமாக, பாதி மணலில் புதைந்து, சாட்சி சொல்ல வந்ததுபோல நின்றது.

"இந்தா! பார் இதை! எவ்வளவு பெரிசு! இது நீ வைச்சதோ?"

"இல்லை மாமா, இது நான் வைச்சதில்லை." அவள் வாளிக்குள் நெடுநேரம் பார்த்தாள். கரையிலிருந்து ஸ்ரீயும் எட்டிப் பார்த்தான்.

"மாமா, இடது காலை ஒருக்கால் தூக்குங்கோ."

தூக்கினார்.

அது அவருடைய ரப்பர் பூட்ஸின் நுனி.