சென்சாருக்கு வச்ச சந்தனம்

ஆயுத பூஜை கழிஞ்சு வேலை தொடங்கினதுலேருந்து கம்ப்யூட்டர் ஒரு டப்பாவைக்கூடக் கழிக்கலை. விஜயஸ்ரீக்குப் பெருமை பிடிபடலை. இருக்காதா பின்னே? அந்தப் பேட்டை கம்பெனியில கையடக்க அடுப்புக்கான கேஸ் டப்பாவை லேசர் வச்சு ஒட்டுதாங்க. ஒட்டு சரியில்லைன்னா வெளிச்சம் கூடுதலாத் தெறிக்கும். அதைச் சென்சார் பார்த்துச் சொல்லும். நல்ல ஒட்டு எது, நொள்ளை ஒட்டு எதுன்னு காட்டிக் காட்டி, பிள்ளைக்கு அரிச்சுவடி பழக்குத மாதிரி கம்ப்யூட்டரைப் பழக்கினவ அவதான். அதை நம்பி, டப்பாவைத் தண்ணியில முக்கிப் பார்க்குத வழக்கத்தையே முதலாளி நிறுத்திட்டார்.

வேலை தொடங்கின மறுநாள் சாயங்காலம் எதுக்கோ குனிஞ்சவ சென்சாரைப் பார்த்தா. கண்ணாடி மேல கெட்டியாச் சந்தனம், நடுவுல குங்குமம்.

மெஷின் ஓட்டுத கொம்பையாவைக் கேட்டா. எல்லாத்துக்கும் வச்சுட்டு இதை மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்னார். சாமிக்கு வச்சதைத் துடைக்க யாருக்கும் மனசு வரலையாம்.

அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. பொட்டு மறைச்சு வெளிச்சம் மங்கினதுல, நொள்ளையெல்லாம் நல்லதாத் தெரிஞ்சிருக்கு. கண்ணு மங்கினா என்ன செய்யணும்னு அவ அதுக்குப் பழக்கவே இல்லையே! கேஸ் அடைச்ச டப்பா ஒண்ணை வாளித் தண்ணியில முக்கினா. ஒட்டு நெடுகக் கொப்புளம் கொப்புளமா வந்தது.

நல்லவேளை, லோடு கிளம்பலைன்னார் கொம்பையா. ஆனா ஒண்ணு போயிருந்தது. பூஜைக்கு அப்புறம் அடைக்குத மொத டப்பா, உழைச்சவங்க வீட்டுச் சாமிக்குன்னு அங்கன வழக்கம். இந்த வருஷம் அவளுக்குக் குடுத்தாங்க. நேத்து ராத்திரி, முக்கூடல் வீட்டுல, குத்துவிளக்குக் காலடியில தன் கையாலேயே வச்சா.

ராத்திரி ஜன்னல் திறந்திருந்தது. இப்போ பகல் பூராப் பூட்டிக் கிடந்த வீடு. கேஸ் கசிஞ்சு நிறைஞ்சிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து விளக்கேத்துதது மக ப்ரியா. வெளியே இருட்டிக்கிட்டு வந்தது.

வீட்டுல போன் கிடையாது. பக்கத்து வீட்டு ஆபிதா பீவிக்குப் போட்டா. நம்பர் தப்பாப் போய், திரும்பப் போட்டா. ஈஸ்வரா, பிள்ளை விளக்கேத்தியிருக்கக் கூடாது. மணி அடிச்சுக்கிட்டே இருந்தது. கொம்பையா கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னார்.

கடைசியில எடுத்தது ப்ரியாவேதான்.

"ஏட்டி, நீ அங்கன என்ன செய்யுத?"

"வீட்டைத் திறந்தா ஒரே நாத்தம்மா. ஊதுபத்தி கொளுத்தலாம்னு பார்த்தா தீப்பெட்டியில ஒரு குச்சிகூட இல்லை. இங்கன வாங்க வந்தேன். இந்தா, கையில வச்சிருக்கேன்."

"கீழ வச்சிருட்டி. வீட்டுக்குப் போகாத."

ரிசீவரைப் பிடிச்சபடியே தரையில உக்காந்து அழுதா.