நாலு வாட் சூடு

வெண்டல் பிரூயிட்டுக்கு முப்பத்தோரு வருஷமாக ஒரே கர்வம்தான். ஹெரான் விண்கலத்துக்கு அவன் எழுதி அனுப்பிய கட்டளைகளில் ஒன்றுகூடத் தப்பானதில்லை. நெப்டியூனைத் தாண்டி எங்கோ இருட்டில் போய்க்கொண்டிருக்கிறது அது. இங்கிருந்து ஒரு சொல் போய்ச் சேர இருபது மணி நேரம், பதில் வர இன்னொரு இருபது. 'ஐயோ, மாத்திச் சொல்லிட்டேன்' என்று பின்னாலேயே ஓட முடியாத வேலை. அதனால் அவன் கர்வத்தை யாரும் குறை சொல்லவில்லை. 'தப்பே செய்யாதவன்' என்று எழுதிய காபிக் கோப்பை ஒன்றை வாங்கிக் கொடுத்து மானத்தை வாங்கினார்கள், அவ்வளவுதான். அந்த மனுஷனோ அதைப் பாராட்டு என்று நினைத்துத் தினமும் அதிலேயே குடித்தான்.

கோப்பை வாங்கியது மேவிஸ் டாலிவரின் யோசனை. எழுபத்திரண்டு வயது. ஹெரானில் துகள்களை எண்ணும் கருவி அவர் இளம் வயதில் தன் கையால் செய்தது. கல்யாணம், வீடு எல்லாவற்றையும் தள்ளிப்போட்டுவிட்டு அதைக் கட்டிக்கொண்டு அழுதவர். இப்போது ஹெரான் குழுவே பதினொரு பேர்தான். மலையடிவாரத்தில் ஒரு பல் டாக்டரின் மாடியில் வாடகைக்கு இருந்தது.

ஹெரானின் மின்சாரம் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தது. இந்த வருஷம் நாலு வாட் பற்றவில்லை. குழுத் தலைவி நெவாரெஸ் ஒரு மாதம் கணக்குப் போட்டுப் பார்த்து, மேவிஸின் கருவியை அணைப்பது என்று முடிவுசெய்தாள். அணைத்தால் அணைத்ததுதான், மறுபடி உயிர் வராது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கட்டளையைச் சரிபார்க்க இருவரும் உட்கார்ந்தார்கள். எழுதியவர் எண்களை வாய்விட்டுப் படிக்க, கருவிக்காரர் பழைய கட்டளைப் புத்தகத்தில் விரல் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் அங்கே விதி.

"நாப்பது வருஷமா எண்ணுதே, இன்னும் முடிக்கலையா உங்க மக்கு? என் மச்சான்கூட இதைவிட வேகமா எண்ணுவான்" என்றான் வெண்டல்.

"உன் மச்சான் ஃபிரிட்ஜைத் திறந்தாலே ஸ்வெட்டர் தேடுறவன். என் செல்லம் எங்க நின்னு எண்ணுதுன்னு தெரியுமா? படி, படி."

கேலி பண்ணாவிட்டால் அழுதுவிடுவோமோ என்று வெண்டலுக்குப் பயம். அவர் முகத்தைப் பார்த்தபடியே படித்தான். ஓர் இடத்தில் மேவிஸின் விரல் நின்றது. கொஞ்ச நேரம் நகரவே இல்லை.

"என்ன மேவிஸ்?"

"ஒண்ணுமில்ல. சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பாவம், மனசு கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். வறுத்த வேர்க்கடலையை எல்லோருக்கும் ஆளுக்கொரு பிடி கொடுத்தார்கள். இத்தனை படித்தவர்கள்தான், ஆனால் கடலை கொறிக்காமல் எந்தக் கட்டளையும் அனுப்பமாட்டார்கள். ஐந்து மணிக்குக் கட்டளை கிளம்பியது.

வியாழன் காலை ஒன்பது மணிக்குப் பதில் வர வேண்டும். கருவியை அணைக்கும்போது கேக் வெட்டி வழியனுப்புவது அவர்கள் வழக்கம். மேவிஸ் கொண்டுவந்த கேக்கில் '1983' என்று எழுதி ஒரு கோடு போட்டிருந்தது. கோட்டுக்கு அப்புறம் ஒன்றும் இல்லை.

"க்ரீம் தீர்ந்துபோச்சா? முடிஞ்ச வருஷத்தைக் காணோம்?" என்று கேட்டான் வெண்டல்.

"கடைக்காரன் மறந்துட்டான்" என்றார் மேவிஸ்.

பதில் வந்தது. நாலு வாட் குறைந்திருந்தது, கைதட்டினார்கள். ஆனால் துகள் எண்ணிக்கை நிற்கவில்லை. நெவாரெஸ் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். "வெண்டல், கருவி ஓடிட்டிருக்கு. அதைச் சூடா வச்சிருக்கிற ஹீட்டர்தான் அணைஞ்சிருக்கு. அதுவும் நாலு வாட்தான்."

வெண்டல் கட்டளைத் தாளை எடுத்துப் பார்த்தான். கருவியை அணைக்கும் 0471 இருக்க வேண்டிய இடத்தில், ஹீட்டரை அணைக்கும் 0417. மைனஸ் முப்பத்தைந்து டிகிரிக்குக் கீழே போனால் அந்தக் கருவி செத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஹீட்டரைத் திரும்பப் போடச் சொன்னாலும் சொல் போய்ச் சேர இருபது மணி நேரம். அதற்குள் எல்லாம் விறைத்துவிடும்.

"ரெண்டு பேர் பார்த்தும் எப்படிப்பா தப்பிச்சது?" என்று யாரோ கேட்டார்கள்.

"நான் சரியாப் படிச்சுட்டுத் தப்பா எழுதியிருப்பேன். மேவிஸ் மேல ஒரு தப்பும் இல்ல" என்று அவசரமாகச் சொன்னான் வெண்டல். பிறகு அவரிடம் போய், "அணைச்சிருந்தா நிம்மதியாப் போயிருக்கும். குளிர்ல விட்டுக் கொன்னுட்டேனே" என்றான். கண்ணில் தண்ணீர் நின்றது.

"கேக் சாப்பிடு" என்றார் மேவிஸ். அவன் கோப்பையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணி. கருவியின் குளிர் மைனஸ் ஐம்பத்தெட்டு. அதன் பக்கத்தில் துகள் எண்ணிக்கை: இருநூற்றுப் பன்னிரண்டு, இருநூற்றுப் பதினைந்து, இருநூற்றுப் பதினாறு...

"எண்ணுது!" என்று அலறினாள் நெவாரெஸ். "அட, எண்ணுதுய்யா! நாலு வாட்டும் மிச்சமாயிடுச்சு. இனி எதுக்கு இதை அணைக்கணும்?" அவர்கள் குதித்த குதியில் கீழே பல் டாக்டர் கம்பால் கூரையை இடித்தார்.

வெண்டல் மட்டும் ஓரமாக உட்கார்ந்து பிழை அறிக்கை எழுத ஆரம்பித்தான். நல்லபடி முடிந்தாலும் தப்பு தப்புதான். மேவிஸ் வந்து ஒரு தாளை அவன் முன்னால் வைத்தார்.

"அது வேண்டாம். நெவாரெஸ்கிட்ட இதோட நகலைக் காலையிலயே கொடுத்துட்டேன்."

செவ்வாய்க்கிழமைத் தேதி போட்டிருந்தது. 'எண் மாறியிருந்ததைக் கண்டேன். கண்டும் கையெழுத்திட்டேன். பொறுப்பு என்னுடையது. மேவிஸ் டாலிவர்.'

"பார்த்தீங்களா? பார்த்துட்டுமா சும்மா இருந்தீங்க?"

"அணைச்சா நிச்சயமா முடிஞ்சது. குளிர்ல விட்டா ஒருவேளை பிழைக்கும். என் கையால அணைக்க முடியலடா, வெண்டல். எவ்வளவோ முயற்சி பண்ணினேன், முடியல."

"ஒரு நாள் முழுக்க என்னை உயிரோட கொன்னீங்களே!"

"நாப்பது வருஷமா உழைக்கிறதை மக்குன்னு சொன்னே. ஒரு நாள் வெந்தா குறைஞ்சா போயிடுவே?" சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நேத்து எல்லார் முன்னாடியும் என்னை விட்டுக்கொடுக்காமப் பேசினே பாரு, அப்பவே சொல்லியிருக்கணும். மன்னிச்சுடு."

வெண்டல் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தான். பேனாவை எடுத்து அவர் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினான். குப்பைத் தொட்டியிலிருந்து கோப்பையை எடுத்துக் கழுவி, காபி ஊற்றி, மேவிஸின் கையில் கொடுத்தான்.

"உங்க மக்குகிட்டச் சொல்லுங்க. மெதுவாவே எண்ணட்டும். ஒரு அவசரமும் இல்ல."