முடியாத முப்பத்தொன்றாம் தேதி

மூன்றாம் எண் நீதிமன்ற அறையில் முப்பத்தொன்றாம் தேதி நான்கு வருடமும் ஒரு மாதமும் நீடித்தது. மற்ற அறைகளில் அது வழக்கம்போல் ஒரே நாளில் முடிந்தது.

அன்றுதான் அந்த அறையின் நீதிபதி அம்மாளுக்குப் பணி ஓய்வு. கையில் மிச்சம் இருந்தது ஒரே வழக்கு. அதே கட்டடத்தை முப்பது வருடம் பெருக்கித் துடைத்த ஒருவர், கடைசிவரை தற்காலிக ஊழியராகவே வைக்கப்பட்டு, பென்ஷன் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார். எல்லோரும் அவரைத் 'தற்காலிகம்' என்றுதான் கூப்பிட்டார்கள். வயது எழுபத்தாறு. தீர்ப்பை எழுதி முடித்தாயிற்று. அரசின் சட்ட அதிகாரி கடைசியாக ஒரு வாதம் வைக்க வேண்டும் என்று கெஞ்சியதால், மூன்று மணிக்கு அதையும் கேட்டுவிட்டு எல்லோர் முன்னிலையிலும் வாசிப்பதாக ஏற்பாடு.

இரண்டு மணிக்கு வழியனுப்பு விழா. மைக்கைப் பிடித்த சட்ட அதிகாரி அதை விடவே இல்லை. அம்மாளின் பொறுமையைப் புகழ்ந்தார், கையெழுத்தைப் புகழ்ந்தார், குடையை மடிக்கும் நேர்த்தியைக்கூட விடவில்லை. அம்மாளும் மனுஷிதானே, உச்சி குளிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஐந்து மணி அடித்துவிட்டால் வாசிக்காத தீர்ப்பு வெறும் காகிதம். வழக்கு புது நீதிபதியிடம் முதலிலிருந்து தொடங்கும். அதற்குள் கிழவர் போய்ச் சேர்ந்துவிடுவார். இந்தக் கணக்கு அம்மாளுக்கு உறைத்தபோது மணி நாலு ஐம்பது. பூங்கொத்தை யார் மடியிலோ போட்டுவிட்டு ஓடினார். ஆசனத்தில் அமர்ந்தபோது நாலு ஐம்பத்தைந்து. சட்ட அதிகாரி அதற்குள் கம்பி நீட்டியிருந்தார். "அவர் வாதத்தைக் கேக்காம இந்த நாள் முடியாது" என்றார் அம்மாள். கடிகாரம் அதோடு நின்றது.

வெளியே கொண்டுபோனால் அது ஓடியது. உள்ளே மாட்டினால் நாலு ஐம்பத்தைந்து. ஜன்னல் வெயிலும் சாய்ந்த இடத்திலேயே கிடந்தது. பதிவாளர் விதிகளைப் புரட்டிவிட்டு, அந்த அறைக்குள் அம்மாள் இன்னும் நீதிபதிதான் என்று எழுதிக் கொடுத்தார். புது நீதிபதிக்கு நூலகத்தில் மேசை போட்டார்கள். கணக்கு அலுவலகமும் விதிகளைத்தான் பார்த்தது: ஓய்வுக்கு மறுநாளிலிருந்து பென்ஷன், மறுநாள் இன்னும் வரவில்லை, ஆகவே பென்ஷன் இல்லை; சம்பளம் முப்பத்தொன்றாம் தேதிவரை கொடுத்தாயிற்று, ஆகவே அதுவும் இல்லை.

அம்மாள் தினமும் பத்து மணிக்கு வந்து அந்த மாலைப் பொழுதுக்குள் போய் உட்காருவார். டவாலி வராந்தாவில் நின்று சட்ட அதிகாரியின் பதவிப் பெயரை மூன்று தடவை கூவுவார். பதிலுக்கு மருத்துவச் சான்றிதழ் வரும்: ஒரு மாதம் முட்டி, மறுமாதம் முதுகு. கேட்கிறேன் என்று சொன்ன வாதத்தைக் கேட்காமல் வாசித்தால் மேல்கோர்ட்டில் ஊதித் தள்ளிவிடுவார்கள் என்பது அம்மாளுக்கும் தெரியும், சட்ட அதிகாரிக்கும் தெரியும்.

இரண்டாம் வருடம் தீர்ப்பாயத் தலைவர் பதவிக்கு அழைப்பு வந்தது. ஐந்து வருடம், காரும் வீடும் உண்டு. ஓய்வுபெற்றதற்கான சான்று ஒன்றுதான் வேண்டும். "போய் அஞ்சு மணி ஆகட்டும்னு எந்திரிச்சு வந்துடேன். எனக்கும் கை நடுங்குது, இன்னும் எத்தனை பேர் பல்லைப் பிடுங்குறது?" என்றார் பல் டாக்டரான கணவர். "நடுங்குற கையோட பிடுங்காதீங்க. கஞ்சி குடிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு அம்மாள் அழைப்பைத் திருப்பி அனுப்பினார்.

தற்காலிகமும் தினமும் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். அவர் இருமும்போதெல்லாம் அம்மாள் நிமிர்ந்து பார்ப்பார். "எனக்காக உங்க பென்ஷனும் போவுதேம்மா. விட்டுருங்க" என்றார் ஒருநாள்.

"முப்பது வருஷத்துல ஒரு அறையையாவது பாதி பெருக்கிட்டு விட்டுட்டுப் போயிருக்கீங்களா?"

"அதெப்படிம்மா!"

"அப்ப உக்காருங்க."

நான்காம் வருடக் கடைசியில் சட்ட அதிகாரிக்கு ஓய்வு வந்தது. அவருடைய பென்ஷன் கோப்பு ஒரே வாரத்தில் திரும்பியது. அவர் பெயரில் நிலுவை எதுவும் இல்லை என்று சான்று வேண்டுமாம். ஒரு வழக்கு நிலுவையில் இருந்தது. முட்டியும் முதுகும் நொடியில் குணமாகி, காலை பதினொரு மணிக்கு மூச்சிரைக்க ஓடிவந்தார். அந்த அறைக்குள் அவரும் இன்னும் சட்ட அதிகாரிதான்; உள்ளே நுழைந்ததும் முப்பது வருடப் பழக்கம் வாயில் வந்துவிட்டது.

"ஒரு வாய்தா வேணும்."

"தாராளமா. எந்தத் தேதிக்கு?"

அவர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். முப்பத்தொன்றுக்குப் பின்னால் தாளே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தற்காலிகம் என்றால் தற்காலிகம்தான் என்று வாதாடினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அம்மாள் நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் நிறுத்தி நிதானமாக வாசித்து, கிழவரை நிரந்தர ஊழியராகவே கருதி முழுப் பென்ஷன் வழங்க உத்தரவிட்டு, முப்பத்தொன்றாம் தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டார். ஐந்து மணி அடித்தது. கிழவர் சத்தமில்லாமல் அழுதார். அம்மாளுக்கும் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. தீர்ப்புத் தேதியிலிருந்து தொண்ணூறு நாள்தான் கெடு, நீங்கள் நான்கு வருடம் தாமதம் என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். கணக்கு அலுவலகம் அம்மாளின் கோப்பில், 'கடைசிப் பணிநாளின் அளவு: நான்கு வருடம், ஒரு மாதம், அந்நாளில் எடுத்த விடுப்பு: இல்லை' என்று குறித்துக்கொண்டு பென்ஷனுக்கு முத்திரை குத்தியது.

ஓய்வூதியர்கள் உயிரோடு இருப்பதாக வருடத்துக்கு ஒருமுறை நேரில் வந்து காட்ட வேண்டும். அந்த வருடம் அம்மாள் போனபோது வரிசையில் அவருக்கு முன்னால் கிழவர் நின்றிருந்தார். பதறிப்போய் வழிவிட்டார். "உங்க முறைங்க" என்று அம்மாள் நகராமல் நின்றார். ஜன்னலில் இருந்த குமாஸ்தா, "நிரந்தரமா, தற்காலிகமா?" என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டார். கிழவர் திரும்பிப் பார்க்காமல், "நிரந்தரம்" என்று சத்தமாகச் சொன்னார். குமாஸ்தா எழுதிக்கொண்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார்.