இரண்டாவது ரிப்பன்

கெஸ்கில் செத்ததுக்குக் காத்துதான் காரணம்னு அறிக்கையில எழுதியிருக்காங்க. காத்தாம், மண்ணாங்கட்டியாம். காரணம் நான்தான்.

காட்டுத்தீயை அணைக்கிற ஆளுங்கள விமானத்துலருந்து பாராசூட்ல தீக்குப் பக்கத்துல குதிக்க விடுறது என் வேலை. ஒவ்வொரு சுத்துலயும் ஆளை விடுறதுக்கு முன்னாடி சிவப்புக் காகித ரிப்பன் ஒண்ணை வீசணும். அது எங்க போய் விழுதுன்னு பாத்துத்தான் காத்தைக் கணக்குப் போடுவோம். அன்னிக்கு முதல் சுத்துல வீசினேன். நியூர்குன், ஸ்தெபான்னு ரெண்டு பேர் குதிச்சு ஆத்துக்குப் பக்கத்துல பாசியில பூப்போல இறங்கினாங்க. அடுத்த சுத்து கெஸ்கிலுக்கு. நியூர்குனோட அண்ணன் அவன், எனக்குப் பதினாறு வருஷத்துச் சிநேகிதன். தீ வேகமா ஏறிட்டிருந்துச்சு. நேரமாகுதேன்னு ரெண்டாவது ரிப்பன் வீசல.

"என்னடா, காகிதம் தீந்துபோச்சா?"ன்னு கேட்டான்.

"உன் மூஞ்சிக்கு ரிப்பன் ஒரு கேடா? குதிடா."

சிரிச்சுக்கிட்டே குதிச்சான். முதல் சுத்துக்கப்புறம் காத்து திரும்பியிருந்துச்சு; ரிப்பன் வீசியிருந்தா தெரிஞ்சிருக்கும். அவனை மலை முகட்டுக்கு அந்தப் பக்கம் அடிச்சுட்டுப் போய், பட்டுப்போன லார்ச் மரத்து உச்சியில மாட்டிவிட்டுச்சு.

மரத்துல மாட்டினா இறங்குறதுக்கு ஒவ்வொருத்தன்கிட்டயும் கயிறு இருக்கும். ஆனா ரேடியோவுல அவன் குரல் வந்த விதமே சரியில்ல. தம்பி கேக்கக் கூடாதுன்னு, வேற அலைவரிசைக்கு வாடான்னேன்.

"வலது தோள் கழண்டுடுச்சுடா. ஒத்தக் கையால கயித்தைக் கட்ட முடியல. தீ எங்க இருக்கு?"

மேலருந்து எனக்கு எல்லாம் தெரிஞ்சுது. சரிவு முழுக்கப் பத்திக்கிட்டு வந்துச்சு. அவனை எட்ட பத்து நிமிஷம்கூட ஆகாது. ஆத்தங்கரையிலருந்து முகடு ஏறி அவன்கிட்ட போகவே இருபது ஆகும்.

"உனக்குக் கீழயே வந்துட்டுதுடா."

"தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நான் இறங்கிட்டேன், சுத்திக்கிட்டு ஆத்துக்கு வரேன்னு சொல்லிடு. அவன் மட்டும் மேல ஏறி வந்தான், உன்னைச் சும்மா விடமாட்டேன். சொல்லிட்டுச் சட்டுன்னு திரும்பி வா. எனக்குப் பயமா இருக்குடா."

என்கிட்ட இருந்தது ஒரே ரேடியோ. அலைவரிசையை மாத்தினேன்.

"அண்ணே, அவன் அந்தப் பக்கம் போனதைப் பாத்தோம். ஏறிட்டிருக்கோம்," நியூர்குனுக்கு மூச்சு வாங்குச்சு.

"ஏறாதடா! அவன் இறங்கிட்டான். ஆத்துக்கு வரான். நீங்களும் ஓடுங்க!"

"அப்போ அவனையே பேசச் சொல்லுங்க."

"அவன் ரேடியோ மரத்துல பட்டு உடைஞ்சுபோச்சு. கையைக் காட்டினான், பாத்தேன்."

"ஐயய்யோ, துரை மரத்துல தொங்கினாரா! இதை ஊர் பூரா சொல்லாம விடமாட்டேன்." சிரிச்சான். உடனே சிரிப்பு நின்னுச்சு. "நெசமாத்தானே அண்ணே? உங்க அம்மாமேல சத்தியமா?"

சத்தியம் பண்ணேன்.

அப்பவும் அந்தப் பாவி பேச்சை விடல. எந்த வளைவுல வந்து சேருவான், அவன் வர்றதுக்குள்ள டப்பாப் பால் போட்டு டீ வச்சிடவான்னு கேட்டுட்டே நின்னான். "ஓடுறா நாயே!"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். ரெண்டு பேரும் தண்ணியில இறங்குற வரைக்கும் நான் கண்ணை எடுக்கல. அப்புறம்தான் அலைவரிசையைத் திருப்பினேன்.

"கெஸ்கில், வந்துட்டேன்டா."

சத்தமே இல்ல. கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். கடைசியில பைலட் என் தோளைத் தொட்டு, எரிபொருள் தீரப்போகுதுன்னான்.

அடக்கம் முடிஞ்ச மறுநாள் நியூர்குன் ஓடுதளத்துக்கு என்னைத் தேடி வந்தான். அடிக்கட்டும்னு நின்னேன். அடிச்சிருந்தா தேவலை.

"நீங்க பொய் சொன்னது சரிதான் அண்ணே. இல்லேன்னா நான் ஏறியிருப்பேன்," ன்னான். அப்புறம் தரையைப் பாத்துக்கிட்டே கேட்டான். "கடைசியில அவன்கூடப் பேசிட்டுத்தானே இருந்தீங்க? அவன் தனியாப் போகலையே?"

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். அம்மாமேலயே சத்தியம் பண்ணவனுக்கு இது என்ன பெருசு? ஆனா என்னால முடியல.

"இல்லடா," ன்னேன். "அந்த நேரத்துல நான் உன்கூடத்தான் பேசிட்டிருந்தேன்."