பதினெட்டு மன்றங்களும் ஒரு குதிரையும்

மைசூரின் ஞானசிகரம் வித்யாலயத்து வாசல் பலகையில் பதினெட்டு மாணவர் மன்றங்களின் பெயர்கள் இருந்தன. வானியலில் தொடங்கி ரோபோ, மண்பாண்டம் என்று வளர்ந்து குதிரையேற்றத்தில் முடியும் பட்டியல். அதில் கோ-கோ மட்டும் இல்லை. "குந்தறது, எழுந்து ஓடறது. இதெல்லாம் ஒரு ஆக்டிவிட்டியா? போட்டோவுல எடுப்பாவே இருக்காது" என்பது தாளாளர் சீனிவாசனின் தீர்ப்பு.

ஒன்பதாம் வகுப்பு ஜீவிதாவுக்கு அந்தக் குந்தலும் ஓட்டமும்தான் உயிர். பள்ளிக்குப் பின்னால் கட்டட வேலைக்குக் கொட்டிய மணலில் மூன்று வருடம் ஆடிப் பழகிய ஒன்பது பெண்கள், முதல்முறையாக மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தார்கள். சனிக்கிழமை மூன்று மணிக்குப் பன்னிமண்டப மைதானத்தில் ஆட்டம். ஒருத்தி குறைந்தாலும் வெற்றி எதிரணிக்கு.

அதே சனிக்கிழமை மதியம்தான், 'முழுமையான பள்ளி' விருதுக்காகப் பெங்களூரிலிருந்து மூன்று நடுவர்கள் வந்து இறங்கினார்கள். அரை நாள் பள்ளி. மணியடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் பறந்திருந்தார்கள். மிச்சம் இருந்தது கோ-கோ பெண்கள் ஒன்பது பேரும், அவர்களுடைய பி.டி. மாஸ்டர் உதயகுமாரும். ஆகவே பதினெட்டு மன்றங்களும் அவர்களே என்று தாளாளர் அறிவித்தார்.

"சார், மேட்ச்?" என்றாள் ஜீவிதா.

"சொல்லிப் பாத்தனே கண்ணு" என்றார் கொள்ளேகால்காரரான உதயகுமார். "நடுவருங்க திருப்தியாகாம கேட்டைத் தொறக்க மாட்டேங்கறாரு."

நடுவர்கள் ஓர் அறையின் முன்வாசலில் நிதானமாக வெளியேற, பெண்கள் பின்வாசலால் அடுத்த அறைக்குப் பாய்ந்தார்கள். தொலைநோக்கியைச் சுற்றி நின்றவர்கள், இரண்டே நிமிடத்தில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ரோபோவைச் சுற்றி நின்றார்கள். ரோபோ என்பது தாளாளர் வீட்டுத் தரை பெருக்கும் இயந்திரம். அது கடமை தவறாமல் நடுவரின் செருப்பைப் பெருக்கப் பார்த்தது.

"இந்தப் பொண்ணை இப்பத்தானே நிலாவைக் காட்டிட்டு இருக்கப் பார்த்தேன்?" என்றார் பெண் நடுவர்.

"ரெட்டைப் பிள்ளைங்க மேடம்" என்றார் தாளாளர்.

ஏழாவது அறையில் ரெட்டை போதவில்லை. "எங்க ஸ்கூல்ல உறவுக்காரங்க ஜாஸ்தி மேடம்."

குதிரையேற்றத்துக்கு வந்தபோது மணி இரண்டே கால். அரண்மனையைச் சுற்றிப் பயணிகளை ஏற்றும் டாங்காக்காரர் கெம்பையனின் குதிரை அது. வண்டியைக் கழற்றி சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் மறைத்துவிட்டு, தாளாளர் அறை மேசைவிரிப்பைக் குதிரையின் முதுகில் போட்டிருந்தார்கள். ஜீவிதாவை ஏற்றி உட்கார வைத்தார்கள். குதிரை அசையவில்லை.

"பின்னால வண்டி இல்லீன்னா இவ நகர மாட்டாளுங்க" என்று கெம்பையன் உதயகுமாரின் காதைக் கடித்தார். "தொழில் பக்தி."

பெண் நடுவர் குறிப்பேட்டில் நீளமாக எதையோ எழுதினார். தாளாளரின் விபூதி வியர்வையில் கரைந்தது. ஜீவிதாவின் கண் கடிகாரத்துக்கும் சைக்கிள் ஷெட்டுக்கும் போய் வந்தது.

"மேடம், இது பாரம்பரிய வண்டிப் பயணமும் சேர்ந்தது. ஊர்வலமா ஒரு ரவுண்டு போய்க் காட்டட்டுமா?" என்று குதிரைமேலிருந்தே கேட்டாள் அவள்.

தாளாளர் ஒரு கணம்தான் விழித்தார். "பத்தொன்பதாவது மன்றம் மேடம்! பலகையில இடம் போதலை."

"அப்ப கேட்டைத் திறக்கச் சொல்லுங்க சார்" என்றாள் ஜீவிதா.

திறந்தார்கள். வண்டி பூட்டிய கணமே குதிரை கிளம்பியது. ஐந்து பேர் மேலே, நான்கு பேர் பக்கத்தில் ஓட்டம். பின்னால் ஸ்கூட்டரில் உதயகுமார். நடுவர்கள் கைதட்டி வழியனுப்பினார்கள்.

அரண்மனை வாசலில் குதிரை நின்றது.

"போட்டோ எடுக்கற எடமுங்க" என்றார் கெம்பையன். "பத்து நிமிஷம் ஆகாம கெளம்ப மாட்டா."

"இறங்குங்கடி! பேக, பேக!" என்று கன்னடத்தில் விரட்டிக்கொண்டு குதித்தாள் ஜீவிதா. ஒன்பது பெண்களும் கடைத்தெருக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார்கள். மைதானத்தில் நுழைந்தபோது மணி மூன்றாக இரண்டு நிமிடம் இருந்தது.

"வார்ம்-அப் பண்ணலையா?" என்று கேட்டார் ரெஃபரி.

"பதினெட்டு ரூம்ல பண்ணிட்டோம் சார்" என்றாள் ஒன்பது பேரில் ஒருத்தியான தமிழ்ப்ரியா, மூச்சு வாங்க.

விசில் ஒலித்தது. கோட்டோரத்தில் நின்ற உதயகுமாரின் பையில் போன் அலறியது.

"எங்கய்யா ஊர்வலம்?" தாளாளரின் குரல் உடைந்திருந்தது. "மூணாவது காபி குடிச்சுட்டு வாசலையே பாத்துட்டு இருக்காங்க!"

"ஜோராப் போயிட்டிருக்குதுங்க சார்" என்றார் உதயகுமார், ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "பிள்ளைங்க ரொம்ப ஈடுபாடா இருக்குதுங்க."

குந்தியிருந்த ஜீவிதாவின் முதுகில் தமிழ்ப்ரியாவின் கை சுளீரென்று விழுந்தது.

"கோ!"