சம்பந்திகள் போட்ட கூடாரம்

ஊரில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றைச் சொந்தமாக நடத்திவந்தார். அந்த வெள்ளிக்கிழமை மதியத்தோடு வகுப்புகளை நிறுத்திவிட்டு, சம்பந்தியம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் புறப்பட்டார். சம்பந்தியம்மாவுக்கு மருந்துக்கடை. அவருடைய ஒரே மகனுக்குத்தான் மாஸ்டர் தன் ஒரே மகளைக் கட்டிக்கொடுத்திருந்தார்.

யோசனை இளசுகளுடையது. நாலு பேரும் கடற்கரையில் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கலாம் என்றார்கள். பெரியவர்கள் முன்னால் போய் நல்ல இடமாகப் பிடித்துப் பெரிய கூடாரத்தைப் போட்டுவிட வேண்டும். இவர்கள் வேலை முடிந்ததும் சின்னக் கூடாரத்தையும் சாப்பாட்டையும் எடுத்துக்கொண்டு இன்னொரு காரில் வந்து சேர்வார்கள். மாஸ்டரும் சரி, மருந்துக்கடையம்மாவும் சரி, அதுவரை கூடாரத்துக்குள் தலையை நுழைத்துக்கூடப் பார்த்ததில்லை. முடியாது என்று சொன்னால் மற்றவர் வீட்டில் தப்பாக நினைப்பார்களே என்று இருவருமே தலையாட்டிவிட்டார்கள்.

கார், பள்ளிக்கூடத்துக் கார். கூரையில் எல் போர்டு. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையிலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. வழக்கமாக மாஸ்டர் உட்காரும் இடம் அது. இன்று அங்கே சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தார். நெடுஞ்சாலையில் ஒரு லாரி திடீரென்று குறுக்கே வந்ததும் கார் குலுங்கி நின்றது. பின்னால் வந்தவன் ஹார்னை விடாமல் அடித்துத் திட்டிக்கொண்டே போனான்.

"சம்பந்தியம்மா, அந்தப் பிரேக் நிஜமாவே வேலை செய்யும்."

"பயத்துல மிதிச்சுட்டேன்."

கொஞ்ச தூரம் போனதும் கார் மறுபடி குலுங்கியது.

"இப்பவும் பயமா?"

"இல்ல. இப்ப நீங்க வேகமாப் போனீங்க."

மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். இரண்டு பேருக்கும் நடுவில் கல்யாணம் பேசி முடித்த நாளிலிருந்தே ஒரு நெருடல் இருந்தது. அன்று கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது மாஸ்டர், "பையனோட அப்பா எப்ப வருவார்?" என்று கேட்டுவிட்டார். மருந்துக்கடையம்மா, மகன் கைக்குழந்தையாக இருந்தபோதே புருஷனை விட்டுவிட்டு வந்தவர். வேண்டுமென்றே முகத்தில் அடித்தாற்போல் கேட்டார் என்று அவர் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நல்லது கெட்டதில் பார்த்துக்கொண்டால் "சாப்பிட்டீங்களா", "சாப்பிட்டாச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

வழியெல்லாம் பேச ஒன்றுமில்லாமல் மாஸ்டர் கைபேசியில் மகள் அனுப்பியிருந்த குரல் பதிவுகளைப் போட்டார். கூடாரம் போடுவது எப்படி என்று அந்த வாரம் முழுக்க அவள் ஒவ்வொன்றாக அனுப்பியிருந்தாள்.

"அப்பா, போனதும் காத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பாருங்க. டென்ட்டோட வாசல் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது. முளையை நேரா அடிக்காதீங்க, சாய்ச்சு அடிங்க. மணல் பொலபொலன்னு இருந்தா முளை நிக்காது. பையில மணலை ரொப்பி, கயித்துல கட்டிப் புதைச்சிடுங்க. உள்ள போறப்ப காலைத் தட்டிட்டுப் போங்க, இல்லன்னா ராத்திரி பூரா மணல்லதான் புரளணும். விடிகாலையில ஈரம் இறங்கும், போர்வை கூட ஒண்ணு வச்சுக்கோங்க."

"எவ்வளவு விவரமா சொல்றா," என்றார் மருந்துக்கடையம்மா. "என்கிட்ட ஒருநாளும் இத்தனை வார்த்தை பேசினதில்ல."

"உங்க பையன் என்கிட்ட 'ம்'னு சொன்னாலே எனக்குப் பெரிய விஷயம்."

முதல்தடவையாக அந்த அம்மா சிரித்தார். சிரித்தது தெரியாமலிருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடற்கரையில் கூட்டமில்லை. கூடாரம் போட ஒதுக்கிய பகுதியில் ஒரு காவலாளி, தண்ணீர்க் குழாய், வரிசையாகக் கழிப்பறைகள், அவ்வளவுதான். தண்ணீருக்குப் பக்கத்தில் மணல் ஈரமாக, கெட்டியாக இருந்தது. முளை நன்றாக இறங்கியது. மாஸ்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மடக்குக் கம்பிகளை நீட்டிப் பொருத்தி, துணிக்குள் நுழைத்து, தப்பான துளையில் சொருகி, மறுபடி உருவி, ஒருவழியாகக் கூடாரம் எழுந்து நிற்கும்போது இருவருக்கும் வியர்த்துக் கொட்டியது.

காவலாளி இடுப்பில் கைவைத்தபடி வந்து நின்றார். "நல்லாத்தான் போட்டிருக்கீங்க. ஆனா ராத்திரி மீனுங்க வந்து படுக்கும், பரவாயில்லையா?"

"ஏன்?"

அவர் தள்ளி மேட்டில் கைகாட்டினார். காய்ந்த கடல்பாசியும் குச்சியும் கிளிஞ்சலும் ஒரு கோடுபோல நீளமாக ஒதுங்கிக் கிடந்தன. "கடல் அதுவரைக்கும் ஏறும். அதுக்கும் மேல போடுங்க."

எழுப்பிய கூடாரத்தை அப்படியே ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். உள்ளே கிடந்த தலையணைகள் ஓரத்துக்கு உருண்டன. வழியில் மாஸ்டர் கற்றுக்கொடுக்கும் பழக்கத்தில் "லெஃப்ட், லெஃப்ட், கொஞ்சம் ஒடிங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். "நான் உங்ககிட்ட லைசென்ஸ் கேட்கல சம்பந்தி" என்றார் அந்த அம்மா.

மேட்டு மணல் மாவுமாதிரி இருந்தது. அடித்த முளை, கயிற்றை இழுத்ததும் வெண்ணெயில் சொருகிய கத்திபோல் உருவிக்கொண்டு வந்தது. மருந்துக்கடையம்மா தன் கடைப் பைகளை ஒரு கட்டு கொண்டுவந்திருந்தார். மருமகள் சொன்ன யோசனைக்கு அவை உதவின. ஒரு மூலையில் பையில் மணலை நிரப்பிக் கட்டிப் புதைத்து, கயிற்றை இழுத்துப் பார்த்தார்கள். அசையவில்லை.

"பரவாயில்லையே, உங்க பொண்ணு," என்றார்.

அடுத்த மூலைக்குப் பையை நிரப்பிக்கொண்டிருக்கும்போது மாஸ்டரின் கைபேசி அடித்தது. மகள். அவர் எழுந்து ஓரமாகப் போனார். அவர் நாலடி போவதற்குள் மருந்துக்கடையம்மாவின் கைபேசியும் அடித்தது. மகன். காற்றிரைச்சலில் சரியாகக் கேட்காமல் அவர் எதிர்ப்பக்கம் நடந்தார்.

இருவரும் கேட்டது ஒரே செய்தி. வார்த்தைகள்தான் வேறு.

"அப்பா, நாங்க வரல. பாதி வழியில பெட்ரோல் பங்க்ல நின்னுட்டோம். திரும்பிப் போறோம்," என்றாள் மகள். அழவில்லை. எழுதிவைத்துப் படிப்பதுபோல் சொன்னாள். "நாங்க பிரிஞ்சிடறதுன்னு முடிவு பண்ணிட்டோம். இது இன்னிக்கு நேத்து எடுத்த முடிவு இல்ல. உங்க ரெண்டு பேரையும் ஒண்ணா உட்கார வச்சு, அங்க வச்சு சொல்லலாம்னுதான் இந்த ஏற்பாடே. வீட்டுல சொன்னா ஆளாளுக்குச் சத்தம் போடுவீங்க. கடைசியில, நேர்ல சொல்ற தைரியம் எங்களுக்கே வரல."

"அவன் ஏதாவது..."

"இல்லப்பா. அவர் தப்பா ஒண்ணும் பண்ணல. நானும் பண்ணல. சண்டை போடறதுக்குக்கூட எங்களுக்குள்ள ஒண்ணும் இல்லாமப் போச்சு."

அந்தப் பக்கம் மருந்துக்கடையம்மா மகன் சொல்லி முடிக்கிறவரை கேட்டார். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தார்.

திரும்பிப் பார்த்தபோது கூடாரம் இருந்த இடத்தில் இல்லை. புதைத்திருந்த ஒற்றைக் கயிறும் மூலையோடு பிய்த்துக்கொண்டு போயிருந்தது. காற்று அதைக் கரையோரமாக உருட்டிக்கொண்டு போனது. நீலத் துணிப் பந்து எம்பி எம்பி, நிற்பதுபோல் போக்குக் காட்டி, மறுபடி ஓடியது. மாஸ்டர் ஒரு பக்கமிருந்து ஓடினார். அந்த அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மறுபக்கமிருந்து ஓடிவந்தார். கழிப்பறைகளைத் தாண்டி ஒரு வேலியில் அது மோதி நின்றது. இருவரும் அதன்மேல் கிட்டத்தட்ட விழுந்து பிடித்தார்கள்.

மூச்சு வாங்கிக்கொண்டு துணியின் இரண்டு பக்கங்களிலும் உட்கார்ந்திருந்தார்கள். மற்றவருக்குத் தெரியுமா என்று இருவருக்கும் தெரியவில்லை.

"பொண்ணு பேசினாளா?" என்று அந்த அம்மாதான் கேட்டார்.

"ம்."

"என்ன சொன்னா?"

"உங்க பையன் என்ன சொன்னான்?"

"அதேதான் சொன்னான்."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். பெண்டாட்டி செத்த அன்றுகூட நாலு பேர் முன்னால் அழாதவர். இப்போது தோள் குலுங்கியது. காற்று மறுபடி துணியைத் தூக்கப் பார்த்தது. மருந்துக்கடையம்மா அதன் ஓரத்தில் காலை நீட்டி வைத்துக்கொண்டார்.

"என் பொண்ணு வாழ்க்கை இப்படி ஆயிடுச்சே சம்பந்தியம்மா."

"எப்படி ஆச்சு? உசுரோட இருக்கா. வேலை இருக்கு. நானும் ஒருத்தனை விட்டுட்டு வந்தவதான். என் வாழ்க்கை ஒண்ணும் ஆகல, பாருங்க, உங்களோட உட்கார்ந்து டென்ட்டைப் பிடிச்சிட்டு இருக்கேன்."

மாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு நான் கேட்டது..." என்று ஆரம்பித்தார். "பையனோட அப்பா எப்ப வருவார்னு. எனக்கு விஷயமே தெரியாது. யாருமே சொல்லல. அவர் வந்து சேர லேட்டாகுதுன்னு நினைச்சுத்தான் கேட்டேன். அப்புறம் தெரிஞ்சதும் உங்க முகத்தைப் பார்க்கவே வெட்கமாயிடுச்சு."

"இத்தனை நாள்ல சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? சாப்பிட்டீங்களான்னுதான் நீங்க கேட்பீங்க."

அந்த அம்மா அவரைப் பார்த்தார். இத்தனை காலமாக மனசில் வைத்துப் புழுங்கிய ஒரு விஷயம் இவ்வளவு சாதாரணமாக முடிந்துபோனது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"கிளம்பலாமா?" என்று கேட்டார்.

மாஸ்டர் கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கின. "படிக்க வர்ற எல்லார்கிட்டயும் நான் முதல் நாள் சொல்றது இதான். கை நடுங்கினா சாவியைத் தொடாதே."

"அப்ப இருப்போம். இன்னிக்கு நான் போய் அவன் முகத்தைப் பார்த்தா ஏதாவது சொல்லிடுவேன். அப்புறம் அதை எடுக்க முடியாது."

கூடாரத்தை வேலியிலிருந்து விடுவித்துத் தூக்கிவந்தார்கள். ஒரு கம்பி வளைந்திருந்தது. மாஸ்டர் அதைக் காரின் ஜாக்கிக் கம்பியோடு சேர்த்து வைத்துத் துணிக்கயிற்றால் சுற்றினார். இந்தத் தடவை காரிலிருந்த தண்ணீர்க் கேன்களை உள்ளே மூலைக்கொன்றாக வைத்த பிறகுதான் கயிற்றில் கைவைத்தார்கள். முன்னங்கை மறையும் ஆழத்துக்குத் தோண்டிப் பைகளைப் புதைத்து மேலே மிதித்தார்கள். கூடாரம் ஒரு பக்கம் சாய்ந்தாலும் நின்றது.

இளசுகள் கொண்டுவருவதாக இருந்த சாப்பாடு இல்லை. மாஸ்டரின் காரில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டும், காவலாளி கொடுத்த கறுப்புத் தேநீரும்தான். அதைச் சாப்பிடும்போதுதான் அந்தக் காவலாளி, "நீங்க ரெண்டு பேரும் என்ன உறவு?" என்று கேட்டார்.

"என் பையனுக்கு இவர் பொண்ணு," என்றார் மருந்துக்கடையம்மா. அதற்குமேல் அவர் விளக்கவில்லை.

இருட்டியதும் அந்த அம்மா கூடாரத்துக்குள் போய் வாசலை இழுத்து மூடிக்கொண்டார். மாஸ்டர் காரின் இருக்கையைச் சாய்த்துப் படுத்தார். மகள் சொன்னபடியே விடிகாலையில் ஈரம் இறங்கியது. கூடாரத் துணி உள்பக்கமும் நனைந்து சொட்டியது. காலைத் தட்டிவிட்டுப் போயும் போர்வையெல்லாம் மணல். கடல், மேட்டிலிருந்த பாசிக் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருந்தது. முந்தின நாள் அவர்கள் முதலில் முளை அடித்த இடம் முளைத் தடமே இல்லாமல் வழவழவென்று கிடந்தது.

கூடாரத்தை மடித்துப் பையில் திணிக்க அவர்களுக்குத் தெரியவில்லை. எத்தனை முறை மடித்தாலும் பையைவிடப் பெரிதாகவே இருந்தது. கடைசியில் சுருட்டிப் பின் இருக்கையில் போட்டார்கள். மாஸ்டரின் கை நடுக்கம் நின்றிருந்தது.

அந்த வருஷம் முடிவதற்குள் இளசுகள் சத்தமில்லாமல் பிரிந்துவிட்டார்கள். மகள் கொஞ்ச நாள் அப்பாவோடு இருந்தாள்; பிறகு வேறு வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். மகன் வேறு தெருவில் வீடெடுத்துக்கொண்டான், ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவிடம் வந்து சாப்பிட்டான். சொந்தக்காரர்கள் இரண்டு பக்கமும் வந்து யார் மேல் தப்பு என்று கிளறிப் பார்த்தார்கள். இரண்டு வீட்டிலும் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மாஸ்டருக்கு ரத்த அழுத்தம் என்று டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே மருந்துக்கடை இருந்தது. ஆனாலும் பாதி ஊரைத் தாண்டி வந்து சம்பந்தியம்மா கடையில்தான் வாங்கினார்.

"சம்பந்தி, இது காலையில சாப்பிட்ட பிறகு. மறந்துட்டேன்னு ராத்திரி ரெண்டா முழுங்காதீங்க."

ஒருநாள் அவர் வாங்கிக்கொண்டு வெளியே போனதும், கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண் கேட்டாள்: "உங்க பையனும் அவர் பொண்ணும்தான் பிரிஞ்சிட்டாங்களே மேடம். இன்னும் சம்பந்தின்னே கூப்பிடறீங்க?"

"வேற என்னன்னு கூப்பிடச் சொல்றே?" என்றார் அவர், அடுத்தவரின் மருந்துச் சீட்டைக் கையில் வாங்கியபடி.

வெளியே மாஸ்டர் எல் போர்டு மாட்டிய காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்.